கரும்புள்ளி மறையும் கோடு

சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்; குழாயை இடுப்பளவில், என் உடம்பின் நிழலுக்குள் பிடிக்க வேண்டும்; அவசரமில்லாமல் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்; குழாயின் அடியில் அச்சிட்டிருக்கும் கரும்புள்ளியை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது. கடைசி விதிதான் முக்கியம். வெறிக்கும் கண் இருப்பதைப் பார்ப்பதில்லை, எதிர்பார்ப்பதைப் பார்க்கிறது. புள்ளி அங்கே இருக்கிறது என்று மனத்துக்குத் தெரிந்துவிட்டால், அது மறைந்த பிறகும் மனம் அதை வரைந்துகொண்டே இருக்கும். ஆகவே பார்வையை எடுத்துவிட வேண்டும், அதோ அந்த வேப்பமரத்தைப் பார்க்க வேண்டும், பிறகு குனிந்து ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும். தெரிகிறதா, இல்லையா, அவ்வளவுதான். மகளிர் கல்லூரி ஆய்வகத்தில் நான் ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டிருந்தது இதையேதான்: நிறம் மாறிவிட்டது என்று நம்ப ஆசைப்படாதீர்கள், நிறம் தானாக மாறட்டும். சொல்வது எளிது. இப்போது என் இடது கையில் சின்னப் பிளாஸ்டிக் குப்பி. அதில் நீச்சல் குளத்து நீரும் சோதனைத் திரவமும் கலந்து மோர்த் தெளிவுபோல் வெளுத்துக் கிடக்கின்றன. எனக்கு முன்னே, கோயம்புத்தூர் சித்திரை வெயிலில், குளம் முழுவதும் அதே வெளுப்பு. வெயில் தாழ்ந்ததும் மேஸ்திரி வந்துவிடுவார். குளத்தை அளந்து, எத்தனை லாரி மண் பிடிக்கும் என்று சொல்லி, நாளைக்கே ஆளை இறக்கிவிடுவார். அதற்குள் எனக்கு ஒரு காரணம் தெரிந்தாக வேண்டும். காரணம் தெரிந்த கோளாறைத் திருத்தலாம். தெரியாத கோளாறை மூடத்தான் முடியும். இந்த ஒரு வாக்கியத்தைக் காலையிலிருந்து எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டேன் என்பதை நான் கணக்கு வைக்கவில்லை.

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டு என் நங்கையாள் சின்ன வெங்காயம் உரிக்கிறாள். நங்கையாள் என்றால் என் கணவரின் அக்கா, பெயர் தெய்வாத்தாள். இளம்பிள்ளை வாதம் வந்த இடது காலில் தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் கம்பியும் தோல் வாருமாகக் காலிப்பர். அவள் நடந்தால் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் எனக்குக் கேட்கும், டக், டக் என்று. நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டின் கடிகாரம் அதுதான். என் கணவர் நாச்சிமுத்து போய்ச் சேர்ந்து, என் மகன் பிரசன்னா வெளிநாடு போய், நானும் அவளும் மட்டும் மிஞ்சிய பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. குளம் கலங்கிய நாளிலிருந்து அதிகமாகத்தான் ஆகியிருக்கிறது. ஏனென்றால் அந்தச் சத்தம் இல்லாமல் அவள் நடக்கிற இடம் இந்தக் குளம் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் ஒரு மருத்துவர் அவளை மார்பளவு நீர்த் தொட்டிக்குள் இறக்கினார்; இரும்பு இல்லாமல், எவர் கையும் இல்லாமல், அவள் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை நடந்தாள். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு வந்து, தோட்டத்தில் கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டார். ஆழமே இல்லாத, எங்கும் ஒரே மார்பளவு உள்ள, ஓரம் முழுக்கக் கைப்பிடி வைத்த குளம். நீந்துகிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். அவள் அதில் நீந்தியதே இல்லை. நடப்பாள். காலையில் காபிக்கு முன்னால், கைகளை வீசிக்கொண்டு, கடைவீதிக்குப் போகிறவளைப் போல நடப்பாள். "ஏம்மிணி, இன்னமும் அந்தக் குழாயவே மொறச்சுட்டு நிக்கறயா? அது என்ன பண்ணுச்சு உன்னய?" என்று இப்போது குரல் கொடுக்கிறாள். பேசாமலிருங்கள் நங்கையா, என்கிறேன். "பேசாம இருந்தா மட்டும் தெளிஞ்சுருமாக்கும்" என்று வெங்காயத்திடம் சொல்கிறாள்.

தெளியும். தெளிந்தாக வேண்டும். ஒரு நீர் காரணமில்லாமல் கலங்காது. முதலில் குளோரின் குறைந்துவிட்டது என்று நினைத்தேன், எவரும் அப்படித்தான் நினைப்பார்கள், மாத்திரை போட்டேன். பெரிய கற்பூரக் கட்டிகளைப் போன்ற வெள்ளை மாத்திரைகள், மிதவைக்குள் போட்டுவிட்டால் தாமாகவே கரையும். தெளியவில்லை. மேலும் போட்டேன். கண் எரிந்தது, தெளியவில்லை. விற்ற கடைக்காரரைக் கேட்டதற்கு, "இன்னொரு ரெண்டு போட்டுப் பாருங்க மேடம், வெயில் ஜாஸ்தியில்லீங்களா" என்றார். போட்டேன். என் எழுபத்திரண்டு வயதுக்கும் நான் படித்த படிப்புக்கும் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மறுபேச்சில்லாமல் போட்டேன் என்பதை இப்போது நினைக்க எரிச்சலாக வருகிறது. ஆனால் எரிச்சல் ஒரு சோதனை முறை அல்ல, அதைத் தள்ளி வைக்கிறேன். குளோரினை அளந்து பார்த்தபோது மஞ்சள் நிறம் பளிச்சென்று வந்தது. அங்கேதான் நான் தடுக்கி நின்றேன். குளோரின் இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. இரவெல்லாம் அந்த மஞ்சளே கண்ணுக்குள் இருந்தது. காலையில் மாத்திரை டப்பாவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியும் வைத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். இந்த மாத்திரையில் குளோரின் தனியாக வருவதில்லை. கூடவே ஸ்டெபிலைசரும் வருகிறது. வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் காக்கிற பொருள் அது. கொஞ்சம் இருந்தால் நல்லது, இல்லாமலும் முடியாது. மிகுந்துபோனால் குளோரின் அதன் மறைவிலேயே பதுங்கிவிடுகிறது. பதுங்கி என்பது வேதியியல் சொல் அல்ல; பிணைந்து என்று திருத்திக்கொள்கிறேன். பிணைந்துவிடுகிறது, பாசியையும் கிருமியையும் தொட அதற்குக் கை இல்லை. வெயிலில் குளோரின் அழியும், நீர் ஆவியாகும், ஸ்டெபிலைசர் மட்டும் எங்கும் போகாது. நீரை வெளியே கொட்டினால்தான் அதுவும் வெளியே போகும். இந்த வீட்டில் நீரை எவர் வெளியே கொட்டியிருக்கிறார்கள்?

எவரும் கொட்டியதில்லை, அதுதான் விஷயம், அங்கேதான் என் சிந்தனை திரும்பத் திரும்பப் போய் முட்டுகிறது. பஞ்ச காலத்தில் தெருக்குழாயில் குடம் தூக்க முடியாதவள் என்பதால் தெய்வாத்தாளை வரிசைக்குக் காவல் வைப்பார்கள். தெருவே தூங்கும், அவள் ஒருத்தி காலை நீட்டிக்கொண்டு அத்தனை வீட்டுக் குடங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாள். ஒரு குடம் நகர்ந்தாலும் அவளுக்குத் தெரியும், ஒரு சொட்டு சிந்தினாலும் தெரியும். அந்தக் கண்ணோடுதான் இந்தக் குளத்தையும் பார்த்துக்கொண்டாள். வடிகட்டியின் உறையைக் கழற்றிக் கழுவுகிற அழுக்கு நீரைக்கூட அண்டாவில் பிடித்து, அடியில் மண்டி தங்கும்வரை காத்திருந்து, மேலே தெளிந்ததைச் சொம்பு சொம்பாக மொண்டு திரும்பவும் குளத்துக்குள் ஊற்றுவாள். நான் அதைப் பார்த்து வியந்தேன். எவ்வளவு கச்சிதமான குடித்தனம் என்று பிரசன்னாவிடம் தொலைபேசியில் பெருமை அடித்துக்கொண்டேன். மழையும் சில ஆண்டுகளாகப் பெயருக்குத்தான் பெய்தது, குளம் நிரம்பி வழியவே இல்லை. ஆக, நீர் குறைந்தால் நிரப்பினோம், மாத்திரை கரைந்தால் போட்டோம், வெளியே மட்டும் ஒன்றையும் விடவில்லை. காத்தோம், காத்தோம், காத்துக் காத்தே. இல்லை, உவமைக்குப் போகக் கூடாது. உவமை வந்தால் கண் கலங்கும், கண் கலங்கினால் புள்ளி மறைந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. இது இன்னும் என் ஊகம் மட்டுமே. ஊகத்தைக் குழாயில் ஊற்றிப் பார்த்தால்தான் அது அறிவு.

ஊற்றுகிறேன். குழாயின் சுவரில் கீழிருந்து மேலாகக் கோடுகள். அடிக்கோட்டில் நூறு, மேலே போகப் போக எண் குறையும். நீர் ஏற ஏற எந்தக் கோட்டில் புள்ளி மறைகிறதோ அதுவே அளவு. சீக்கிரம் மறைந்தால் ஸ்டெபிலைசர் அதிகம். வேப்பமரம். அதன் கீழே வெங்காயத் தோல். குனிகிறேன். புள்ளி இல்லை. நூறு என்ற அடிக்கோட்டுக்கே நீர் இன்னும் வந்து சேரவில்லை, புள்ளி இல்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உடனே அந்த அடிப்பின்மீது எனக்குச் சந்தேகம் வருகிறது. நான் எந்த விடையை விரும்புகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். புள்ளி மறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டே குனிந்த கண் இது. தவிர, நேற்று முன்தினத்திலிருந்து இந்தக் கண் எந்த வெள்ளையைப் பார்த்தாலும் அதற்கு அடியில் எதையோ தேடுகிறது. அன்று அவளை நான் தடுத்திருக்க வேண்டும். "கொஞ்சம் மங்கலா இருந்தா என்ன, எனக்குத் தெரியாத தரையா" என்று இறங்கினாள். நடுக்குளத்தில், கைப்பிடிக்கு எட்டாத இடத்தில், தலை இருந்தது. பிறகு தலை இல்லை. அலைகூடப் பெரிதாக இல்லை. வெள்ளை மட்டும் இருந்தது. எந்தப் பக்கம் சரிந்தாள், எங்கே கை நீட்டுவது, ஒன்றும் தெரியவில்லை. நீருக்குள் ஒரு மனுஷி இருக்கிறாள் என்பதற்கு ஒரு நிழல்கூடச் சாட்சி இல்லை. நான் புடவையோடு படியில் இறங்கி, காற்றைத் துழாவுவதுபோல் நீரைத் துழாவினேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது, ஆய்வகத்தில் கால் நிமிடத்தைக் கடிகாரம் பார்க்காமல் சொல்லக்கூடியவள் நான். அவள் தானாகவே எழுந்தாள், வேறு எங்கோ, நான் துழாவாத பக்கத்தில். நீரைத் துப்பிவிட்டு, "உப்புக் கம்மி அம்மிணி" என்றாள். நான் சிரிக்கவில்லை. குளத்தைச் சுற்றியுள்ள வேலிக் கதவைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுநாள் காலை மேஸ்திரிக்குப் போன் போட்டது நான் அல்ல, அவள். "இதா பாரு, உனக்கும் பயம், பையனுக்கும் பயம். மண்ணப் போட்டு மூடிப்போட்டா கத்திரி வெக்கலாம், வெண்டி வெக்கலாம். நடந்த வரைக்கும் போதும்" என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை. போனை வைத்துவிட்டு, டக், டக் என்று அடுப்படிக்குப் போனாள்.

ஆகவே என் கண் போதாது. அளவு குழாயின் எல்லைக்கும் அப்பால் போய்விட்டதால் நீரைப் பாதியாக்கிச் சோதிக்க வேண்டும்: குளத்து நீர் ஒரு பங்கு, நல்ல நீர் ஒரு பங்கு, வருகிற விடையை இரட்டிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீர். அதைத் தொட மாட்டேன். நங்கையா, குடிக்கிற தண்ணீர் கொஞ்சம் வேண்டும், என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ச் சொம்பில் கொண்டுவந்தாள். "சிறுவாணித் தண்ணிய ஊத்தி வெளையாடற. உங்க காலேசுல இதுக்குத்தான் சம்பளம் குடுத்தாங்களா?" "ஆமாங்க. பென்ஷனும் குடுக்கறாங்க." அதற்குச் சிரித்தாள். நான் அளந்து கலந்து, திரவம் சேர்த்து, குலுக்கி, வெளுக்கும்வரை பொறுத்திருந்து, குழாயை அவள் கையில் கொடுத்தேன். அவளுக்குக் கண்புரை நீக்கி நல்ல லென்ஸ் வைத்திருக்கிறது. அதைவிட முக்கியம், எந்த விடைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். நான் ஊற்றுகிறேன், அடியில் புள்ளி தெரிகிறதா என்று மட்டும் சொல்லுங்கள், உற்றுப் பார்க்காதீர்கள், மரத்தைப் பார்த்துவிட்டுப் பாருங்கள். "தெரியுது" என்றாள். ஊற்றினேன். மரத்தைப் பார்த்தாள். "தெரியுது." நூறைத் தாண்டியது, எண்பதைத் தாண்டியது. இதற்கு மேல் எங்கோ தெரிந்துகொண்டே போனால் என் ஊகம் பொய், கடைக்காரருக்கும் எனக்கும் வித்தியாசமில்லை, நாளைக்கு மண் வந்துவிடும். "தெரியுது. என்னமோ மை மாதிரி. தெரியுது." வேப்பமரத்தில் ஒரு காகம் இடம் மாறி உட்கார்ந்தது. அவள் அதையும் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "போச்சு அம்மிணி." நிச்சயமாகவா? இன்னொரு முறை பாருங்கள். "பாத்துட்டேன். போச்சுன்னா போச்சு." கோட்டைப் பார்த்தேன். அறுபது. இரட்டித்தால் நூற்றிருபது. இருக்க வேண்டியது அதில் பாதிக்கும் கீழே.

ஆனந்தம் வரும் என்று நினைத்தேன். வந்தது ஒரு பிடிவாதம் மட்டுமே, அது போதும். காரணம் கிடைத்துவிட்டது. இதற்கு மருந்து கடையில் இல்லை. குப்பிக்குள் சற்று முன் செய்ததைத்தான் குளத்துக்கும் செய்ய வேண்டும்: பாதிக்குச் சற்று அதிகமாக வெளியேற்றி, நல்ல நீர் விட்டு, அதற்குப் பிறகு மாத்திரையைத் தொடாமல், ஸ்டெபிலைசர் கலக்காத திரவக் குளோரினை அந்தி சாய்ந்த பிறகு அளந்து ஊற்றி, வடிகட்டியை ஓயாமல் ஓடவிட வேண்டும். அவளிடம் சொன்னேன். எதிர்பார்த்தது நடந்தது. முகம் இறுகியது. "சித்திர மாசத்துல, பாதிக் கொளத்த, வெளிய?" ஆமாங்க. "ஊரு ஊராக் கொடத்தத் தூக்கிட்டு அலையறாங்க. ஒருத்தி காலு வீசி நடக்கறதுக்கு அத்தனை தண்ணியக் கீழ ஊத்தறதா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். மேஸ்திரி வரட்டும்." அவள் திரும்பிவிட்டாள், டக் என்று ஓர் அடி வைத்துவிட்டாள். நான் முப்பத்தைந்து ஆண்டு விரிவுரை செய்தவள், அவளோடு வாதாடி ஒருமுறையும் ஜெயித்ததில்லை. நான் கல்லூரிக்கு ஓடிய ஒவ்வொரு காலையிலும் இந்த வீட்டு அடுப்பை எரித்தவளிடம் எந்த வாயால் ஜெயிப்பது? கெஞ்சினால் தோற்பேன். அழுதால் நிச்சயமாகத் தோற்பேன். கேள்வி கேட்க வேண்டும், சரியான ஒரே கேள்வி, அதை மாணவியிடம் கேட்பதுபோல் நிதானமாக. நங்கையா, மேஸ்திரி மண் போடுவதற்கு முன்னால் முதலில் என்ன செய்வார்? "என்ன பண்ணுவான், மண்ணக் கொட்டுவான்." தண்ணீர் இருக்கும்போதேவா? அவள் நின்றாள். காலிப்பர் அடுத்த அடியை வைக்கவில்லை. "எறச்சுத்தான் போடுவான்" என்றாள், மெதுவாக. எவ்வளவு? நானே சொன்னேன்: முழுசா இறைப்பார். கத்திரிக்காயை வேண்டாம் என்று சொல்லவில்லை நான். முழுத் தண்ணியும் போறதுக்குப் பாவம் இல்லை, பாதி போனால் பாவமா, அதைமட்டும் சொல்லுங்க. வெங்காய வாசனை காற்றில் நின்றது. அவள் குளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் குளத்தைப் பார்த்தாள்; காவலிருந்த குடங்களை எண்ணுகிறாள்போல உதடு அசைந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, படிச்சவ?" என்றாள்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் குளத்து வேலிக் கதவைத் திறந்தேன். இறைக்கும் மோட்டாரை நான் போட, ரப்பர் குழாயின் மறுமுனையை அவள் இழுத்துக்கொண்டு போனாள், என்னைத் தொட விடவில்லை. "எலுமிச்சைக்கு உடாதே, தாங்காது. தென்னைக்கு உடு. இந்தப் பாத்தி ரொம்புனதும் அந்தப் பாத்திக்கு மாத்தோணும். ஒரே மரத்துக்கு ஊத்தி வீணாக்காதே." வீணாக்க மாட்டேன். நீர் இறங்கியது. குளத்து ஓரத்தில் ஈரமான ஓடுகளின் வரி ஒன்று வெளியே வந்தது, பிறகு அடுத்தது. கைப்பிடியின் கால்களில் பச்சையாக, வழவழப்பாக, நான் ஊகித்த இடத்திலெல்லாம் பாசி. இதைத் தேய்க்க வேண்டும். நாளை. எல்லாம் ஒரு வரிசையில் செய்ய வேண்டும், வரிசை தவறினால் திரும்பவும் கலங்கும், திரும்பவும் கலங்கினால் திரும்பவும் செய்வேன். அப்போது வெளிக் கதவருகே செருப்புச் சத்தம். மேஸ்திரி, கையில் அளவு நாடாவுடன். "ஏனுங்கம்மா, நானு வாரதுக்குள்ள நீங்களே எறைக்க ஆரம்பிச்சுட்டீங்களா? நல்லதாப் போச்சு, எனக்கு ஒரு வேலை மிச்சம்." நான் வாயைத் திறப்பதற்குள் தென்னைப் பாத்தியிலிருந்து குரல் வந்தது: "மண்ணும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாமுங்க. நல்ல தண்ணி கொண்டாற லாரிக்காரன் நெம்பர் இருந்தா அம்மிணிகிட்டக் குடுத்துப்போட்டுப் போங்க. உப்புத் தண்ணி வேண்டாம்னு சொல்லிப்போடுங்க." அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் நாடாவைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனை எடுத்தார். அவர் போன பிறகு, டக், டக் என்று வந்து அவள் என் பக்கத்தில், குளத்தின் விளிம்பில் நின்றாள். இன்னும் வெள்ளைதான், ஆனால் வெள்ளையின் உயரம் குறைந்திருந்தது. "மொதப் படி வெளிய வந்துருச்சு. ரெண்டாவது படியும் தெரியுது, பாரு" என்றாள். பார்த்தேன். நீருக்குள் ஒரு நீல விளிம்பு இருந்தது, அல்லது இருந்ததுபோல் இருந்தது. அங்கே படி உண்டு என்று எனக்குத் தெரியும். இருக்க வேண்டும் என்று ஆசையும் உண்டு. ஆகவே கண்ணை எடுத்தேன். வேப்பமரத்தைப் பார்த்தேன், அதன் கீழே பாதி உரித்த வெங்காயத்தைப் பார்த்தேன், நெஞ்சடிப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பிக் குனிந்து, ஒரே ஒருமுறை பார்த்தேன். தெரிந்தது.